ஒன்றரை மணிக்கும் நாலேகாலுக்கும் இடையில்: தலைமைப் பதவியும் பிள்ளை வளர்ப்பும்

பாடசாலை பிற்பகல் 1.30 இற்கு விடுகிறது. அரச அலுவலகம் மாலை 4.15 இற்கு முடிகிறது. திருகோணமலையில் ஒரு திணைக்களத்தையோ வங்கிக் கிளையையோ மருத்துவமனைப் பிரிவொன்றையோ பொறுப்பேற்று நடத்தும் பெற்றோரின் அன்றாடச் சிக்கலில் பெரும்பகுதி இந்த இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள்தான் கிடக்கிறது. மாகாண நிர்வாகத்தில் பதவி ஏறிக்கொண்டே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில், இதைச் சமாளிக்க நான் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் இங்கே எழுதுகிறேன். வீட்டுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று கவலைப்பட்டே நான் முதல் ஐந்து ஆண்டுகளை வீணாக்கினேன். எந்த மணி நேரம் என்பதை முடிவு செய்து, அதைக் காப்பதற்கு நாம் இருக்கும் கதிரையின் அதிகாரத்தையே பயன்படுத்தலாம் என்பது பிறகுதான் விளங்கியது.

முதலில் ஒரு சீ.ஆர். கொப்பி

எதையும் மாற்றுவதற்கு முன்னர் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். ஒரு சீ.ஆர். கொப்பியின் இடப்பக்கத்தில், பிள்ளைக்கு நீங்கள் தேவைப்பட்டும் இல்லாமற்போன ஒவ்வொரு தருணத்தையும் நேரத்தோடு குறியுங்கள். வலப்பக்கத்தில், அந்த நேரத்தில் அலுவலகத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதைக் குறியுங்கள். மனக்கணக்கு போதாது, ஏனெனில் மனம் எப்போதும் அலுவலகத்தின் பக்கமே சாட்சி சொல்லும்.

என் கொப்பியில் பத்து வேலை நாட்களில் ஏழு நாட்கள் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு கூட்டம் என்று இருந்தது. அந்த ஏழில் ஐந்து கூட்டங்களைக் கூட்டியவள் நானேதான். காலையில் பொதுமக்கள் வருவார்கள், மதியத்துக்குள் கோப்புகள் சேர்ந்துவிடும், ஆகவே உத்தியோகத்தர்களைப் பின்னேரம் அழைப்போம் என்ற பழக்கத்தை எனக்கு முன்பிருந்தவர் விட்டுச் சென்றார். நானும் யோசிக்காமல் தொடர்ந்தேன். யாரோ என் நேரத்தைப் பறிக்கிறார்கள் என்று வீட்டில் முறையிட்டுக்கொண்டிருந்தவளுக்கு, பறித்தவள் தானே என்று தெரியவந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கூட்டங்களைக் காலை 9.00 மணிக்கு மாற்றினேன். அழைப்புக் கடிதத்தில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் அச்சிடச் செய்தேன். பிற்பகல் 2.30 இற்குப் பின்னர் புதிய கூட்டம் எதுவும் தொடங்கக்கூடாது என்பதை விதியாக்கி, வெள்ளம், சூறாவளி, உயிராபத்து ஆகிய மூன்றை மட்டும் விதிவிலக்காக வைத்தேன். இரண்டு மாதம் கழித்து எங்கள் முகாமைத்துவ உத்தியோகத்தர் ஒருவர் வந்து, முன்பெல்லாம் கூட்டத்தின் நடுவே மலசலகூடம் போவதாகச் சொல்லி வெளியே வந்து, பிள்ளையை ஏற்றும் ஓட்டோக்காரருக்குத் தொலைபேசி எடுப்பதே தமது வழக்கம் என்றார். அவரோடு இன்னும் நான்கு பேர். தலைமையில் இருப்பவரின் பழக்கம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. கீழே வேலை செய்யும் அத்தனை வீடுகளின் நேரசூசியையும் அதுவே எழுதுகிறது.

மேலிடத்துக் கூட்டங்களை நாம் நகர்த்த முடியாதுதான். ஆயினும் முடியும் நேரத்தைக் கேட்கலாம்; நமது விடயத்தை நிகழ்ச்சிநிரலில் முன்னுக்குக் கொண்டுவரும்படி முதல் நாளே சொல்லி வைக்கலாம். எழுந்து செல்ல வேண்டி வரும்போது, “நாலு மணிக்குப் பிள்ளையை ஏற்றப் போக வேண்டும்” என்பதை மழுப்பாமல் சொல்வதே நல்லது என்பது என் எண்ணம். இதையே ஓர் ஆண் அதிகாரி சொன்னால் பொறுப்பான தகப்பன் என்பார்கள், பெண் சொன்னால் வேலையில் கவனமில்லை என்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் சொல்லுங்கள். மேசையின் கடைசிக் கதிரையில் இருக்கும் இளம் உத்தியோகத்தர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கோப்பை முழுதாகக் கொடுப்பது

பொறுப்பைப் பகிர்வதில் நம்மவர்கள் விடும் தவறு ஒன்றேதான்: வேலையைக் கொடுப்பார்கள், தீர்மானிக்கும் உரிமையைக் கொடுக்கமாட்டார்கள். கடிதத்தை வரைவது உதவிப் பணிப்பாளர், ஆனால் ஒவ்வொரு வரியும் தம்மிடம் வந்து போக வேண்டும் என்றால், அந்தக் கோப்பு கைமாறவில்லை என்றுதான் பொருள். நிதி அதிகாரங்களை எழுத்தில் கையளிப்பதற்கு, அரச நிதி விதிகளான நிதிப் பிரமாணங்களில் 135 ஆவது இடம் தருகிறது. ஆனாலும் பலர் அதை ஆண்டுத் தொடக்கத்துச் சடங்காக ஒப்பமிட்டு அலுமாரியில் வைத்துவிட்டு, சில்லறைச் செலவுச் சிட்டையைக்கூடத் தங்கள் மேசைக்குத்தான் வரவழைக்கிறார்கள். யார் எந்தத் தொகை வரை அனுமதிக்கலாம், எந்தக் கடிதத்தில் யார் ஒப்பமிடலாம், நீங்கள் இல்லாதபோது பதில் கடமை யாருக்கு என்பதை ஒரே தாளில் எழுதி, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் பிரதி கொடுங்கள். பின்னர் அவர் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், அது விதிக்குள் இருந்தால் மாற்றாதீர்கள். ஒருமுறை மாற்றினாலும் போதும், மறுநாளிலிருந்து எல்லாக் கோப்பும் பழையபடி உங்கள் மேசைக்கே வந்து குவியும்.

வீட்டிலும் இதே முறைதான் செல்லும். “என்ன செய்ய வேணும் என்று சொல்லும், செய்யிறன்” என்று கணவர் சொல்வது உதவி மாதிரித் தெரியும். உண்மையில் நினைவில் வைத்திருந்து, சொல்லி, செய்தாரா என்று பார்க்கும் மூன்று வேலைகளும் அப்போதும் மனைவியிடமே தங்கிவிடுகின்றன. எங்கள் வீட்டில் தனியார் வகுப்புகளை முழுமையாக அவரிடம் விட்டேன். எந்த ஆசிரியர், என்ன கட்டணம், எந்த நாளில் வகுப்பு இல்லை, மழை நாளில் யார் ஏற்றுவது, ஆசிரியர் தொலைபேசி எடுத்தால் யார் பேசுவது ஆகிய அனைத்தும் அவருடையவை. முதல் மாதம் மகன் இரண்டு கணித வகுப்புகளைத் தவறவிட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்றாம் மாதம் அவரே வட்ஸ்அப்பில் மற்றைய தகப்பன்மாருடன் சேர்ந்து, முறை வைத்து ஏற்றி இறக்கும் ஒழுங்கொன்றைச் செய்திருந்தார். எனக்கு அது தோன்றியிருக்கவே மாட்டாது.

மகளிர் தினக் கூட்டங்களில், 1960 ஆம் ஆண்டு உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க மூன்று பிள்ளைகளின் தாய், அவரால் முடிந்தது உங்களால் முடியாதா என்று கேட்பார்கள். அந்த வீட்டில் வேலைக்கு எத்தனை கைகள் இருந்தன என்பதைச் சேர்த்துச் சொல்லுபவரை நான் இன்னும் காணவில்லை. அதைவிட, பிரதமர் பதவியில் இருக்கும்போதே 2018 ஜூனில் மகளைப் பெற்று ஆறு வாரத்தில் வேலைக்குத் திரும்பிய நியூசிலாந்தின் ஜசிந்தா ஆர்டன், பிள்ளையை வீட்டிலிருந்து பார்க்கப்போவது துணைவர்தான் என்பதை வெளிப்படையாகச் சொன்னது நமக்குக் கூடுதலாகப் பயன்படும். யார் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு ஒரு பெயர் பதிலாக இருக்க வேண்டும். “எப்படியோ பார்த்துக்கொள்வோம்” என்ற பதில் முதல் காய்ச்சலிலேயே உடைந்துபோகும்.

நமது ஊரில் அந்தப் பெயர் பெரும்பாலும் அம்மம்மாவுடையது. அவருக்கு ஓர் ஓய்வு நாள் வேண்டும், செலவுக்குத் தனியாகக் காசு வேண்டும், பிள்ளையைக் கண்டிக்கும் உரிமையும் வேண்டும். இவை மூன்றையும் பேசித் தீர்க்காமல் அன்பின் பேரில் விட்டுவிட்டால், ஒரு நாள் கனடாவில் இருக்கும் மற்ற மகளின் பேறுகாலத்துக்கு ஆறு மாதம் போய்விடுவார், நீங்கள் நடுக்கடலில் நிற்பீர்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. மாற்று ஏற்பாடாக ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தை, தேவைப்படாத காலத்திலேயே, வாரத்தில் ஒரு பின்னேரம் பிள்ளைக்குப் பழக்கி வைப்பது நல்லது. போகும் நேரம் தவிர இன்னொரு நேரத்தில், முன்னறிவித்தல் இல்லாமல் அங்கே போய்ப் பாருங்கள். நான் முதலில் சேர்த்த இடத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பதினொரு பிள்ளைகளுக்கு ஒரேயொரு பெண்பிள்ளை காவலிருந்தாள். அவளும் தொலைபேசியில் இருந்தாள். அன்றே மாற்றினோம்.

ஒப்படைக்கக் கூடாத ஒன்று

எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டால் நாம் வீட்டுக்கு வரும் விருந்தாளியாகிவிடுவோம். ஆகவே ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு விடயத்தை, ஒன்றே ஒன்றை, உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். எதை என்பதை நீங்களாகத் தீர்மானிக்காமல் பிள்ளையிடம் கேட்க வேண்டும்.

இதை நான் கற்ற விதம் சங்கடமானது. மகள் நான்காம் ஆண்டு படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளது புத்தகப் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் மடிக்காமல் வைத்திருந்த முன்னேற்ற அறிக்கை கையில் வந்தது. தவணை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பெற்றோர் ஒப்பமிடும் கோட்டில் எதுவும் இல்லை. பென்சிலால் என் கையெழுத்தை எழுதிப் பார்த்து அழித்த தடம் மட்டும் இருந்தது. கணிதத்துக்கு 91 புள்ளி. மறைக்க வேண்டிய அறிக்கையே அல்ல. ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். “நீங்க கந்தோரில நிறையக் கையெழுத்து வச்சிட்டுத்தானே அம்மா வாறீங்க” என்றாள். ஒரு நாளில் நாற்பது கோப்புகளில் ஒப்பமிடும் கையால் அந்த ஒன்றை வைத்துக்கொடுத்தபோது எழுத்து ஒழுங்காக வரவில்லை.

அன்றிலிருந்து பாடசாலைத் தாள்கள் அனைத்தும் என்னுடையவை ஆயின. இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில், மகளின் பேனையால், வாசித்துவிட்டுத்தான் ஒப்பமிடுவேன். வெளியூரில் இருந்தால் தாள் காத்திருக்கும். கணவர் எனக்குப் பதிலாக ஒப்பம் வைக்கமாட்டார். மகன் கேட்டது வேறு: வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துவிட வேண்டும் என்றான். அதற்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் அவன் சொன்ன கதைகளைக் கேள்வி கேட்டு வாங்கியிருக்க எனக்கு ஒரு மாதம் எடுத்திருக்கும்.

சின்ன ஊரின் சாதகமும் தொல்லையும்

கொழும்பில் இருப்பவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்குண்டு. வரோதயநகரிலிருந்தோ உவர்மலையிலிருந்தோ நகருக்குள் ஓட்டோவில் சில நிமிடங்களில் வந்துவிடலாம். மதிய உணவை மேசையில் அவசரமாக விழுங்கிவிட்டுக் கோப்பு பார்ப்பதைவிட, வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டுக்குப் போய்ப் பிள்ளை சப்பாத்தைக் கழற்றும் நேரத்தில் வாசலில் நில்லுங்கள். பாடசாலையில் நடந்தது பிள்ளையின் வாயிலிருந்து அந்த முதல் கால் மணி நேரத்தில்தான் வரும். மாலை ஆறு மணிக்குக் கேட்டால் “ஒண்டுமில்லை” என்பதே பதில்.

தொல்லை இதன் மறுபக்கம். இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இடமாற்ற விண்ணப்பத்தைப் பற்றி ஒருவர் தொடங்குவார். மீன் சந்தையில் அறக்குளாவுக்கு விலை கேட்கும்போது இன்னொருவர் கொடுப்பனவு நிலுவையைக் கேட்பார். கலியாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் கோப்பிலக்கத்தையே சொல்வார். பெரும்பாலும் அவர்கள் நியாயமான தேவையோடு வருபவர்கள், ஆகவே முகத்தை முறிக்கவும் முடியாது. நான் எல்லோருக்கும் ஒரே வசனத்தைச் சொல்லப் பழகினேன்: “ஐயா, இதை நான் மறந்துபோவேன், பொதுமக்கள் தினத்தில் காலமை வாருங்கோ, கோப்பை எடுத்து வைத்துப் பேசுவம்.” மறந்துபோவேன் என்பது உண்மை, ஆகையால் யாரும் கோபிப்பதில்லை. வந்தவரைக் காக்க வைக்காமல் அன்று பார்த்துவிடுவது இதற்குக் கட்டாயம். இல்லாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் மறுபடியும் நிற்பார், அப்போது தவறு நம்முடையது.

வீட்டுக்கு வருபவர்களை வாசலோடு அனுப்புவது நம் பண்பாட்டில் கடினம். தேநீர் கொடுங்கள், கோப்புகளை வாங்காதீர்கள். பிள்ளைகளோடு வெளியே போகும்போது கைபேசியை வாகனத்தில் விட்டுவிடுங்கள். கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மான்கள் நிற்கும் இடத்தில் அரை மணி நேரம், அல்லது டச்சுக் குடாக் கடற்கரையில் கச்சான் சுருளோடு ஒரு சுற்று, அவ்வளவு போதும். அந்த அரை மணியில் மாவட்டம் கவிழ்ந்துவிடாது. நான் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

கொழும்புக் கூட்டம்

அமைச்சில் ஒரு மணி நேரக் கூட்டம் என்றால் நமக்கு அது இரண்டு இரவு. இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ போய், விடிய முகம் கழுவி, கூட்டத்தில் இருந்து, மறுபடி இரவே திரும்ப வேண்டும். முதலில், போக வேண்டுமா என்று கேளுங்கள். 2020 இற்குப் பின்னர் சூம் வழியே இணைவது யாருக்கும் புதிதல்ல. கேட்டவர்களுக்குப் பல வேளைகளில் அனுமதி கிடைக்கிறது, கேட்காதவர்கள்தான் பஸ் நிலையத்தில் நிற்கிறார்கள். போயே ஆக வேண்டும் என்றால் இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்து ஒரே பயணமாக்குங்கள்.

பிள்ளை நித்திரையான பிறகு சத்தமில்லாமல் கிளம்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அழுகையைத் தவிர்க்க அப்படிச் செய்கிறோம். அதன் பலன், அம்மா வீட்டில் இருக்கும் இரவுகளிலும் பிள்ளை எழும்பி எழும்பிப் பார்ப்பதுதான். முதல் நாளே நாட்காட்டியில் காட்டி, எத்தனை நித்திரைக்குப் பிறகு திரும்பி வருவேன் என்று எண்ணிச் சொல்லுங்கள். திரும்பும் நாளில் அதிகாலையில் வந்து இறங்கியதும் படுக்கைக்குப் போகாமல், பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும்வரை விழித்திருந்து தலை வாரி அனுப்பிவிட்டுப் படுங்கள். அன்று காலை அரைநாள் லீவு முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். பயணம் போன மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு கையெழுத்திட்டு நான் விட்ட பிழையொன்றைத் திருத்த ஒரு மாதம் எடுத்தது.

டிசம்பர்

நமது நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. அன்றைக்குள் செலவிடாத ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். அதே மாதத்தில்தான் வடகீழ்ப் பருவமழை இங்கே கொட்டும், பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் வரும். கணக்குக் கிளையில் இரவு ஒன்பது மணிவரை விளக்கு எரிவதைப் பெருமையாகப் பேசும் அலுவலகங்கள் உண்டு. அது திட்டமிடாமையின் விளக்கு என்பது என் தீர்ப்பு. கொள்வனவுகளை ஆண்டு நடுப்பகுதிக்குள் தொடங்கி, ஒக்டோபர் முடிவதற்குள் பெரிய கொடுப்பனவுகளை முடிக்கும்படி மாதவாரியாக இலக்கு வைத்து, ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் பார்த்தால், டிசம்பரில் வீட்டுக்கு நேரத்துக்குப் போகலாம். இதைச் செய்ய எனக்கு மூன்று ஆண்டு பிடித்தது. மூன்றாவது டிசம்பரில் பிள்ளைகளோடு ஜன்னலோரம் இருந்து மழை பார்த்தேன்.

லீவைப் பற்றிச் சுருக்கமாக

அரச சேவையில் பிரசவ லீவு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள். அதன் பின் 84 நாட்கள் அரைச் சம்பளத்துடனும், இன்னும் 84 நாட்கள் சம்பளமின்றியும் பெறலாம். தந்தைக்கு மூன்று நாட்கள். தனியார் துறையிலும் 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர் எத்தனையாவது பிள்ளை என்ற பேதமின்றி 84 நாட்கள் உண்டு. தலைமைப் பதவியில் இருக்கும் பெண்கள் இவற்றைப் பாதியில் முறித்துக்கொண்டு ஓடிவருவதைத் தியாகமாகக் காட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்களுக்குக் கீழிருக்கும் பெண் தனக்குரிய லீவைக் கேட்க அதன் பிறகு அஞ்சுவாள். தந்தையர் தங்கள் மூன்று நாட்களையும் எடுத்து, கூடவே தங்கள் சொந்த லீவிலிருந்து ஒரு வாரத்தைச் சேர்ப்பது நல்லது.

பதவி உயர்வு வந்தால்

பதவி உயர்வு பெரும்பாலும் இடமாற்றத்தோடு சேர்ந்தே வருகிறது: மட்டக்களப்பு, அம்பாறை, சில வேளை கொழும்பு. ஏற்பதா என்று தீர்மானிக்கும்போது சம்பளத்தையும் மரியாதையையும் மட்டும் எடைபோடாமல், பிள்ளைகள் எந்த ஆண்டில் இருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்காகப் பதவியை விடுவது தேவையற்றது என்பேன்; அந்தப் பரீட்சைக்குப் பிள்ளையைவிடப் பெற்றோர்தான் அதிகம் பயப்படுகிறார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு பிள்ளை பேசுவதைக் குறைத்திருந்தால், அந்த ஆண்டில் வெளியூர் போவதை நான் இரண்டு முறை யோசிப்பேன். பாலர் வகுப்புப் பிள்ளையைக் கூடவே கூட்டிப்போகலாம். உயர்தரப் பிள்ளையை அப்படி இடம்பெயர்க்க முடியாது.

நான் ஒருமுறை மறுத்தேன், ஒருமுறை ஏற்றேன். மறுத்தபோது, “குடும்பச் சூழ்நிலை காரணமாக” என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், எந்த மாதத்திலிருந்து ஏற்கத் தயார் என்பதையும் கடிதத்தில் எழுதினேன். காலம் குறிப்பிடாத மறுப்பை மேலிடம் நிரந்தர மறுப்பாகவே வாசிக்கும். ஏற்றபோது, மட்டக்களப்பில் ஓர் அறை எடுத்து, ஞாயிறு பின்னேரம் போய் வெள்ளி இரவு திரும்பும் ஏற்பாட்டை ஓராண்டுக்கு மட்டும் என்று வீட்டில் நால்வரும் இருந்து பேசி, முடியும் திகதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டோம். வட்டத்தைப் போட்டது மகன். அந்த நாட்காட்டியைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினோம், வாரம் முடிய ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எண்ணெய் வைத்த பிறகு அவன் ஒரு கோடு கிழிப்பான். நான் சில வெள்ளிகள் வராமற்போனதையும் அந்தக் கோடுகளின் இடைவெளியில் காணலாம்.